அறுபது கிலோ

குருபரப்பள்ளி எடைமேடையில் இரவுப்பணி எனக்கு.
ஒரு மேசை, ஒரு கணினி.
பாதித் திரை லாரிகளுக்கு,
பாதித் திரை போருக்கு.

முதல் வாரம் டாங்கிகளைத்தான் அனுப்பினேன்.
இவ்வளவு இரும்பு இருக்கையில்
ஆளை எதற்கு முன்னால் விடுவது?
சோளக்காட்டு வளைவில் ஒன்று போயிற்று,
பாலத்துக்கு இப்பால் ஒன்று,
எரிகிற அதைச் சுற்றிப்போகப் பார்த்து மூன்றாவதும்.
சுட்டவனைக் கடைசிவரை நான் பார்க்கவே இல்லை.
எதிரில் ஆடிய இம்தியாஸ், ஓசூரில் லேத் ஓட்டுகிறவன்,
ஒரு சிரிப்புப் பொம்மைகூடப் போடவில்லை.
"மூடியைச் சாத்துனா டாங்கி குருடு,
எஞ்சின் போட்டா செவிடு.
நடக்கிறவன முன்னாடி விடு."

விட்டேன்.
ஓடவிடக் கூடாது; ஓடுகிறவன் கண்ணில் எதுவும் படாது.
இருநூறு மீட்டர் நடத்தி, வரப்போரம் படுக்கவைத்து
ஒரு நிமிடம், சில நேரம் மூன்று,
சும்மா கிடக்கவிட வேண்டும்.
சுடாதே என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்,
பயத்தில் சுட்டுத் தங்களையே காட்டிக்கொடுப்பார்கள்.
அதுவரை டாங்கி மேட்டுக்குப் பின்னால், எஞ்சின் அணைத்து.

நான்கு பேரும் திரும்பினால் வழி இருக்கிறது.
மூன்று பேர் திரும்பினால்
பீரங்கி எங்கே என்று தெரிந்துவிடும்.
டாங்கிக்கு இருநூற்று நாற்பது புள்ளி,
நால்வருக்கும் சேர்த்துப் பதினெட்டு.
கணக்கு சரியாகத்தான் வருகிறது.

முன்னால் போகும் படைக்குத் தூசி என்று பெயர்.
பத்தாம் வகுப்பில் ஒரு மார்க் கேள்வி.
எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

நேற்று மார்கழிப் பனி.
இரண்டேகாலுக்கு சூளகிரிப் பக்கத்துக் குவாரியிலிருந்து ஒரு லாரி,
சங்கிலியில் கட்டிய ஒரே கறுப்புக் கல்.
அதன் முன்விளக்கு தெரிவதற்கு முன்
செல்போன் வெளிச்சம் ஒன்று தெரிந்தது,
இடுப்புயரத்தில், ஆடி ஆடி.
பிறகு காதை மூடிக் கட்டிய துண்டு.
பிறகுதான் லாரி.

மேலுமலை இறக்கம் முழுக்க
கிளீனர் மாதேசு நடந்தே வந்தானாம்.
"ட்ரெய்லர் ஒண்ணு படுத்துக் கெடந்துச்சு சார், லைட்டே இல்லாம,"
கண்ணாடியை இறக்கி திம்மராயன் சொன்னார்.
"இவன் கை காட்டலன்னா நேரா அதுக்குள்ளதான்."
மாதேசு அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
"வரட்டும் வரட்டும் வரட்டும், ஓல்டான்!"
மேடையில் வண்டியை நேராக நிறுத்திவிட்டு
பழக்கத்தில் படியேறி உட்கார்ந்துகொண்டான்.

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது.
கிளீனர் இறங்குப்பா, என்றேன்.
இறங்கினான்.
எண் கொஞ்சம் தள்ளாடி நின்றது:
நாற்பத்தோராயிரத்து இருநூற்று எண்பது.

இருபது இருபதாகத்தான் எண்ணும் எங்கள் மேடை.
அறுபது என்றால் ஐம்பதாக இருக்கலாம், எழுபதாகவும்.
ஆளைப் பார்த்தால் ஐம்பதுதான் சொல்வேன்.
அவனைக் கழித்தபின்தான் சீட்டு அச்சாகும், அதுதான் முறை.

"எவ்ளோ தூரம் நடந்த?"
"தெரியலண்ணா. வெள்ளக் கோட்ட மட்டுந்தான் பாத்தேன்."
என் பிளாஸ்க்கிலிருந்து அரை டம்ளர் டீ குடித்தான்,
மீதி அரையை ஓட்டுநருக்குக் கொண்டுபோனான்.

திரையில் நால்வர் வரப்போரம் கிடக்கிறார்கள்.
எதிரே ஒரு தோப்பு.
இம்தியாஸ் அங்கேதான் வைத்திருப்பான், எனக்குத் தெரியும்.
தெரிந்தால் போதாது, யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.
இடது ஓரத்தவனைச் சுட்டியால் தொட்டேன்.
தோட்டா எத்தனை, தண்ணீர் எவ்வளவு, களைப்பு எந்த அளவு,
எல்லாம் விரிந்தது.
சுமை: முப்பத்தொரு கிலோ.
ஆளின் எடைக்குக் கட்டம் இல்லை.

வெளியே லாரி கிளம்புகிறது.
மாதேசு படியில் ஏறவில்லை,
செல்போனைத் துடைத்து மறுபடி வெளிச்சம் போடுகிறான்.

நட என்ற பொத்தான்மேல் விரல் இருக்கிறது.
இம்தியாஸ் கேட்கிறான்:
"தூங்கிட்டியா?"